உணவும் உருவமும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசை நிகழ்ச்சியும் நாடகமும் தொடங்குவதற்கு முன்னால் அரைமணி நேரம் என்னைப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் பணித்துள்ளார்கள். மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் வேடமிட்டுக்கொண்டு காத்திருப்பதையும், சமையல் கொட்டகையிலிருந்து சாம்பாரின் மணம் வந்துகொண்டிருப்பதையும் நான் மறக்கவில்லை. பசியோடு அமர்ந்திருப்பவர்களிடம் உணவைப் பற்றிப் பேசுவது ஒருவகையில் கொடுமைதான். ஆயினும் அதைக்காட்டிலும் பொருத்தமான வேளை வேறு வாய்க்காது என்று எண்ணியே 'உணவும் உருவமும்' என்னும் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நான் மருத்துவன் அல்லன், பண்டிதனும் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணியாற்றுகிறவன். மூட்டைகளின் எடையைப் பார்ப்பதும், அளவைக் குறிப்பதும், கணக்கு எழுதுவதும் என் தொழில். எடையும் அளவும் பற்றிய செய்தி ஆதலால் இதனைப் பேசுவதற்கு எனக்கும் சிறிது உரிமை உண்டு எனக் கொள்வீர்களாக. நூல்களிலும் மருத்துவர்களின் சொற்பொழிவுகளிலும் அறிந்தவற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

டில்லியில் நாம் வாழும் இக்காலனியில் பஞ்சாபியர், கடுவாலியர், வங்காளியர், பீகாரியர் எனப் பலரும் நமக்கு அண்டை வீட்டார். பள்ளியில் பிரார்த்தனைக்கு வரிசை நிற்கும்பொழுது உயரப்படி நிறுத்துவார்கள். நம் பிள்ளைகளிற் பலர் முன்வரிசையில் நிற்பதைப் பெற்றோர் கண்டிருப்பீர்கள். வீடு திரும்பிய பையன், "அம்மா, நாம் ஏன் குள்ளம்?" என்று கேட்கிறான். அம்மா என்ன விடை சொல்கிறாள்? "நம் வம்சமே இப்படித்தானடா" என்கிறாள்.

உருவத்தைப் பற்றி நம்மிடையே மூன்று எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. உயரமும் குட்டையும் பிறப்பால் அமைவன, அவற்றில் உணவுக்குப் பங்கில்லை என்பது ஒன்று. நிறமும் அழகும் உண்ணும் பொருளால் வருவன, ஆகவே குங்குமப்பூவும் பாலும் கொடுத்தால் கறுப்பு வெளுக்கும் என்பது மற்றொன்று. உடம்பு பூசினாற்போல் இருப்பது செழிப்பின் அடையாளம் என்பது மூன்றாவது. உணவு செய்யக்கூடியதைச் செய்யாது என்கிறோம். செய்ய முடியாததைச் செய்யும் என்கிறோம். அது தரும் எச்சரிக்கையைப் பரிசு என்று எண்ணுகிறோம். இம்மூன்றையும் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலில் உயரம். இதுபற்றிய புகழ்பெற்ற ஆராய்ச்சி ஒன்று நம் தமிழ் மண்ணிலேயே நடைபெற்றது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், 1918-ஆம் ஆண்டில் நீலகிரியிலுள்ள குன்னூரில் உணவுக் குறைவால் வரும் நோய்களைப் பற்றிய தம் ஆய்வைத் தொடங்கினார். சிறிய அளவில் தொடங்கிய அம்முயற்சியே பின்னர்ப் பெரிய ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்து, ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது.

இந்நாட்டின் பல பகுதி மக்களின் உடற்கட்டு வேறுபடுவதைக் கண்ட மெக்காரிசன், அதற்குக் காரணம் குருதியா, உணவா என்று அறிய விரும்பினார். ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே வயதுடைய வெள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்திற்குச் சீக்கியர் உணவு, ஒன்றிற்குப் பட்டாணியர் உணவு, ஒன்றிற்கு மராட்டியர் உணவு, மற்றும் கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோர் உணவு என வகுத்துக் கொடுத்தார். கூண்டும் ஒன்றே, கவனிப்பும் ஒன்றே, உணவு மட்டுமே வேறு. குறித்த காலம் கழிந்தபின் நிறுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவற்றை உண்ட சீக்கியக் கூட்டத்து எலிகளின் சராசரி எடை 235 கிராம். தீட்டிய அரிசிச் சோறும், புளியும், சிறிதளவு பருப்பும் காயும், காப்பியும் உண்ட சென்னைக் கூட்டத்து எலிகளின் எடை 155 கிராம். இம்முடிவுகளை அவர் 1936-இல் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் எடுத்துரைத்தார்.

அந்த எலிகளுக்குப் பஞ்சாபி வம்சம் என்றும் தமிழ் வம்சம் என்றும் பேதம் இல்லை என்பதை எண்ணிப்பாருங்கள். குருதி ஒன்று, தட்டு வேறு. தட்டு வேறுபட்டதால் உருவமும் வேறுபட்டது.

"எலிக்கு ஏற்றது மனிதனுக்கும் ஏற்குமோ?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. மேலும், அவர் சென்னை உணவு என்று வகுத்தது ஏழை எளியவரின் உணவே அன்றி, பாலும் தயிரும் நெய்யும் குறைவின்றி உண்ட வீட்டு உணவு அன்று. ஆகவே மனிதக் குழந்தைகளைப் பற்றிய செய்தியைக் கூறுகிறேன்.

உலகச் சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரையில் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்து ஆராய்ந்தது. இந்தியக் குழந்தைகளை எங்கே தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? நாம் வாழும் இந்த டில்லி மாநகரின் தென்பகுதியிலேதான். தாய்ப்பால், நல்லுணவு, தூய்மை, நோய்த்தடுப்பு ஆகியவை குறைவின்றிக் கிடைத்த குழந்தைகளையே எடுத்துக்கொண்டார்கள். முடிவு என்ன? கறுப்பர் குழந்தையும் வெள்ளையர் குழந்தையும் இந்தியக் குழந்தையும் ஐந்து வயது வரையில் ஏறக்குறைய ஒரே வகையாகவே வளர்ந்தன. 2006-ஆம் ஆண்டில் வெளியான உலகக் குழந்தை வளர்ச்சி அளவுகள் இதன் அடிப்படையில் அமைந்தவையே. அங்கன்வாடியில் குழந்தையை நிறுத்து, அட்டையில் கோடு வரைகிறார்களே, அந்தக் கோட்டின் பின்னால் டில்லிக் குழந்தைகளின் அளவும் இருக்கிறது.

இன்னுமொரு சான்று. 2016-இல் வெளியான உலகளாவிய ஆராய்ச்சி ஒன்று, நூறாண்டுக் காலத்தில் எந்நாட்டார் எவ்வளவு உயர்ந்தனர் என்று கணக்கிட்டது. தென்கொரியப் பெண்கள் ஏறக்குறைய 20 செ.மீ. உயர்ந்திருந்தார்கள். 1896-இல் பிறந்த பாட்டிக்கும் 1996-இல் பிறந்த கொள்ளுப்பேத்திக்கும் இடையே முக்கால் அடிக்குச் சற்றே குறைந்த வேறுபாடு! நூறு ஆண்டுகளில் ஓர் இனத்தின் குருதி மாறிவிடாது. மாறியவை உணவும், சுகாதாரமும், வாழ்க்கை நிலையுமே.

இதனால் மரபுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. நெட்டையான தந்தைக்கு நெட்டையான மகன் பிறப்பது கண்கூடு. மரபு ஒரு மேல்வரம்பைக் குறிக்கிறது. அவ்வரம்பை எட்டுவதா, பாதியில் நிற்பதா என்பதை உணவும் நோயின்மையும் முடிவு செய்கின்றன. அம்முடிவும் பெரும்பாலும் தாயின் வயிற்றில் கரு உருவான நாள் முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் நடந்துவிடுகிறது என்பதே நாம் மனத்திற் பதிக்க வேண்டிய உண்மை. பத்தாம் வகுப்பில் படிக்கும் பையனுக்கு விளம்பரத்தைப் பார்த்து டப்பா டப்பாவாகச் சத்துமாவு வாங்கிக் கொடுப்பவர்கள், அக்குழந்தை வயிற்றில் இருந்தபோது அதன் தாய் என்ன உண்டாள் என்பதைக் கேட்பதில்லை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 35-க்கும் மேற்பட்டோர் வயதுக்குரிய உயரமின்றி இருந்தனர். இத்தனை பேருக்கும் வம்சமே காரணம் என்று சொல்வதற்கு நமக்கு என்ன துணிவு!

இரண்டாவதாக நிறம், தோல், முடி, கண், பல் ஆகியவை. சரக்கு வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் அதன் வெற்றெடை எவ்வளவு, அது தாங்கும் சுமை எவ்வளவு என்பது எழுதப்பட்டிருக்கும். படிக்கத் தெரிந்தவன் உள்ளே ஏறிப்பாராமலே வண்டியின் நிலையை அறிவான். மனித உடம்பும் அவ்வாறே தன் உள்நிலையை வெளியில் எழுதி வைத்திருக்கிறது. படிப்பார்தாம் குறைவு.

கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பின்றி வெளுத்திருக்கிறதா? உள்ளங்கையும் நாக்கும் வெளிறியிருக்கின்றனவா? நகம் மேடாக இராமல் கரண்டிபோலக் குழிந்திருக்கிறதா? அது இரும்புச்சத்துக் குறைவு எழுதிய எழுத்து. வாயின் இரு ஓரங்களிலும் வெடிப்பும் புண்ணும் இருக்கின்றனவா? அது 'பி' வைட்டமின்களில் ஒன்றான ரைபோஃபிளேவின் முதலியவற்றின் குறைவு. பையனுக்கு அந்தி மயங்கியதும் கண் தெரியவில்லையா? கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரைபோன்ற புள்ளி தோன்றுகிறதா? அது 'ஏ' வைட்டமின் குறைவு. இதனைப் பாராமல் விட்டால் பார்வையே போய்விடும்.

தோற்றம் நம்மை ஏமாற்றுவதும் உண்டு. குவாஷியோர்க்கர் என்று ஒரு நோய். 1930-களில் ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் இதனை உலகுக்கு எடுத்துரைத்தார். உணவுக் குறைவால் வாடும் குழந்தையின் முகம் நிலாப்போல் உப்பி, காலும் கையும் வீங்கி, பார்ப்பவர்க்குக் கொழுகொழு என்றே தோன்றும். விரலால் அழுத்தினால் குழி விழும். அது சதையன்று, நீர். கரிய முடி செம்பட்டையாகி, மெலிந்து, இழுத்தால் கையோடு வரும். தோல் பழைய சாயம்போல உரியும். நம் நாட்டில் இந்நோயை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் சி. கோபாலன். அவர் 1918-இல் சேலத்தில் பிறந்த தமிழர். குன்னூரிலும் ஐதராபாத்திலும் உணவாராய்ச்சி செய்து, நூறாண்டு வாழ்ந்து, 2019-இல் மறைந்தார். 1980-இல் இந்த டில்லி நகரிலேயே இந்திய ஊட்டச்சத்து அமைப்பு என்னும் நிறுவனத்தை அவர் தோற்றுவித்தார். நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர்களுள் அதுவும் ஒன்று.

அவர் ஆராய்ந்த மற்றொரு நோய் பெல்லாக்ரா. தக்காணத்தில் சோளத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஏழைகளிடம் இது காணப்பட்டது. வெயில் படும் கையும் காலும் கறுத்துத் தடித்து, கழுத்தைச் சுற்றி மாலை அணிந்தாற்போல் ஒரு வளையம் தோன்றும். 1735-இல் இந்நோயைக் கண்டெழுதிய ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காஸ்பர் காசல் என்பவரின் பெயரால் அதனைக் 'காசலின் கழுத்தணி' என்பர். அக்கறுப்பு பிறப்பால் வந்ததன்று. குறித்த சத்தைக் கொடுத்தால் மறையும். இமயமலை அடிவார ஊர்களில் கழுத்தில் கட்டி தொங்கும் மக்களை முன்னாளில் எங்கும் காணலாம். அது முன்வினைப் பயனன்று. மண்ணிலும் நீரிலும் அயோடின் இல்லாமை. டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய துணைவர்களும் காங்கிராப் பள்ளத்தாக்கில் 1956 முதல் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து அந்நோய் குறைவதைக் காட்டினார்கள். 1962-இல் மத்திய அரசு நாடளாவிய திட்டம் தொடங்கியது. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு நாட்டு மக்களின் கழுத்தைத் திருத்தியது!

இவையெல்லாம் குறைவினால் வரும் மாற்றங்கள். குறைவை நிரப்பினால் இயற்கையான தோற்றம் திரும்பும். ஆனால் இயற்கையில் அமைந்த நிறத்தையே உணவு மாற்றுமா? மாற்றாது. தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்னும் பொருள். அது எவ்வளவு சுரக்கவேண்டும் என்பது பெற்றோர் வழியாக வருவது. வெயில் அதனைச் சிறிது கூட்டும். கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூக் கலந்த பாலைக் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. அப்பாலில் அவளுக்குப் பயன் தருவது பால்தான். குங்குமப்பூவுக்குக் கொடுக்கும் பணத்தில் எத்தனை நாளைக்குக் கீரையும் முட்டையும் பருப்பும் பழமும் வாங்கலாம் என்று வீட்டுக் கணக்கு எழுதுவோர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

உணவால் நிறம் மாறுவதற்கு வேடிக்கையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காரட்டையும் பறங்கிக்காயையும் பப்பாளியையும் நாள்தோறும் மிகுதியாக உண்பவருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகும். காமாலையோ என்று அஞ்சி ஓடுவார்கள். கண்ணின் வெண்மை மாறாதிருந்தால் அது காமாலை அன்று. காய்களிலுள்ள கரோட்டின் என்னும் நிறப்பொருளே. உண்பதைக் குறைத்தால் சில வாரங்களில் பழைய நிறம் திரும்பிவிடும். உணவு தரும் நிறம் இவ்வளவே.

மூன்றாவது பருமன். கணவருக்குத் தொந்தி விழுந்தால் மனைவியின் கைமணத்துக்குச் சான்று என்று நம் வீடுகளில் பெருமை பேசுவதுண்டு. நாற்காலியில் எட்டு மணி நேரம் அமர்ந்து, நாலு மணிக்கு உளுந்து வடையும் இனிப்புக் காப்பியும் உட்கொள்ளும் என்போன்றோருக்கு இது நெருங்கிய பொருள். நம் நாட்டவரிடம் ஒரு தனித்தன்மை உண்டு. கையும் காலும் மெலிந்திருக்கும். எடையும் மிகுதியாக இராது. ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். புனேயில் டாக்டர் யாஜ்னிக் நடத்திய ஆராய்ச்சி இது பிறவியிலேயே தொடங்குவதைக் காட்டியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்டன் நகரக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. நம் குழந்தைகள் தசையில் மிகக் குறைந்திருந்தும், கொழுப்பில் அவ்வளவு குறையவில்லை. தாயின் உணவுக் குறைவும் இதற்கு ஒரு காரணம் எனக் கருதுகிறார்கள். இவ்வாறு பிறந்தவர் பின்னாளில் உட்கார்ந்தே உழைத்து, வெள்ளைச் சோற்றையும் சர்க்கரையையும் எண்ணெய்ப் பண்டத்தையும் மிகுத்தால் நீரிழிவு எளிதில் வந்து சேர்கிறது. ஆகவே தராசை நம்பவேண்டா. அளவு நாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம் நாட்டவர்க்கு மருத்துவர் வகுத்த எல்லை. அதைத் தாண்டிய தொந்தி செழிப்பன்று, சிவப்பு விளக்கு.

தாய்மார்களே, இந்த இடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். நம்மவர் குடும்பம் ஒன்றில் நடந்தது. பெயரையும் வீதியையும் குறிப்பிடுவது முறையன்று. கல்லூரிப் படிப்பை முடித்த பெண். பார்க்க வந்தவர்கள், "பெண் சற்றுப் பருமன், நிறமும் மட்டு" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல் அப்பெண்ணின் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்று முதல் காலையில் காப்பி, பகலில் ஓர் ஆப்பிள், இரவில் மீண்டும் காப்பி என்று பட்டினி கிடக்கலானாள். "வேண்டாமடி" என்று தாய் ஒரு நாள் சொன்னாள். "மெலிந்தால் நல்லதுதானே" என்று மறுநாள் தானே தேற்றிக்கொண்டாள். ஐந்தாறு மாதங்களில் பெண் மெலிந்தது உண்மை. ஆனால் சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது, வாயோரம் வெடித்தது, முகம் வெளிறி, கண்ணடியில் கருவளையம் விழுந்தது. ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். குருதியைச் சோதித்தபோது, பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறையாது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. அழகை நாடிப் பட்டினி கிடந்தவளிடமிருந்து அப்பட்டினி முதலில் பறித்துக்கொண்டது அழகைத்தான்.

அப்பெண் தேறிவிட்டாள். பெண் மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையும், கீரையும் பருப்பும் கேழ்வரகும் முட்டையுமாகப் பல மாதங்கள் சென்றபின் முடி மீண்டும் வளர்ந்தது. முகத்தில் களை வந்தது. நிறம் மட்டும் பழைய நிறமேதான். அவளுக்கு அதுபற்றிய கவலை இப்பொழுது இல்லை. வேலைக்குச் சென்று வருகிறாள். பெண் பார்க்கச் செல்லும் பெரியோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: வாயிலிருந்து விழும் ஒரு சொல் ஒரு வீட்டின் அடுப்பை அணைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மற்றொன்றையும் மனம் விட்டுக் கூறவேண்டும். மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் குருதிச் சோகை உடையவர்கள். இவர்கள் அனைவரும் உணவில்லாத வீட்டார் அல்லர். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதலில் கணவர், பின்னர்ப் பிள்ளைகள், பின்னர் மாமனார், மாமியார், எல்லாரும் எழுந்தபின் பாத்திரத்தின் அடியில் எஞ்சிய ரசமும் அடிச்சோறும் அம்மாவுக்கு. காய் தீர்ந்துவிட்டிருக்கும்; ஊறுகாய் இருக்கும். உடனே ஒரு காப்பி. உணவோடு அருந்தும் காப்பியும் தேநீரும் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கின்றன என்பதை அவள் அறியாள். இவ்வாறு கடைசியில் உண்ணும் தாயின் வயிற்றிலேதான் நாளைய பிள்ளையின் உயரம் அளக்கப்படுகிறது. பள்ளி வரிசையில் பையன் முன்னால் நிற்பதற்குக் காரணத்தை வம்சத்தில் தேடுகிறோம். நம் சமையலறையில் தேடுவதில்லை.

இனி, நாம் செய்யக்கூடியது என்ன? சோற்றையும் சாம்பாரையும் விட்டுப் பஞ்சாபியராக மாறிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் உணவில் அறிவு நிறைந்திருக்கிறது. இட்லியில் அரிசியோடு உளுந்து சேர்ப்பது, சோற்றோடு பருப்பு சேர்ப்பது ஆகியவற்றில் ஒன்றன் புரதக் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. நெல்லைப் புழுக்கி அரைக்கும் வழக்கம் தவிட்டிலுள்ள வைட்டமினை அரிசிக்குள் காப்பாற்றித் தருகிறது. பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி நோய் பரவியிருந்த காலத்தில், புழுங்கலரிசி உண்டவர்களை அது அவ்வளவாக அணுகவில்லை. குறை எங்கே என்றால், தட்டில் சோறு மலைபோலவும், பருப்பும் காயும் கூழாங்கல்போலவும் இருப்பதில்தான். மலையைச் சிறிது குறைத்துக் கூழாங்கற்களைப் பெரிதாக்கினால் போதும்.

வந்த ஊரின் நன்மையையும் கைக்கொள்வோம். டில்லியின் குளிர்காலச் சந்தையைப் போன்ற கீரைச் சந்தை வேறெங்கும் அரிது. கடுகுக்கீரை, பாலக்கீரை, வெந்தயக்கீரை, இங்கே பதுவா என்று சொல்லும் சக்கரவர்த்திக்கீரை, நெல்லிக்காய், காரட் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. பாஜ்ரா என்று விற்பது நம் கம்புதான். கடுவால் மலையினர் மண்டுவா என்று ரொட்டி தட்டி உண்பது நம் கேழ்வரகேதான். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே. ஊரிலிருந்து யாரேனும் கேழ்வரகு மாவு கொண்டுவரமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள், அடுத்த வீட்டு அம்மாளிடம் கேட்டால் கடை காட்டுவாள். கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்து கொள்ளுங்கள். இரும்புச்சத்து நன்கு சேரும். காப்பியை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். குளிர்காலத்தில் முதியோரும் குழந்தைகளும் வெயிலில் சிறிது நேரம் அமரட்டும். எலும்புக்கு வேண்டிய 'டி' வைட்டமினைத் தோலே செய்துகொள்ளும். அறிகுறி ஏதேனும் கண்டால் கைவைத்தியத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நம் சங்கத்திற்கும் சில யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன். பொங்கல் விழாவில் பிள்ளைகளுக்குக் கோலப்போட்டியும் பேச்சுப்போட்டியும் நடத்துகிறோம். அன்றே ஒரு மூலையில் தராசும் அளவுகோலும் வைத்து, ஒவ்வொரு குழந்தையின் உயரத்தையும் எடையையும் ஓர் ஏட்டில் எழுதுவோம். ஆண்டுதோறும் எழுதினால் வளர்ச்சி கண்முன் தெரியும். ஏட்டை எழுதும் பணியை இந்தக் குமாஸ்தாவே ஏற்றுக்கொள்கிறேன். மகளிர் பிரிவினர் ஆண்டுக்கு ஒரு முறை பெண்களுக்குக் குருதிச் சோதனை நடத்த ஏற்பாடு செய்யட்டும். மூன்றாவது யோசனை செலவில்லாதது. வீட்டில் அனைவரும் ஒரே வேளையில் அமர்ந்து உண்போம். அது இயலாத நாளில், தாய்க்குரிய காயையும் பருப்பையும் முதலிலேயே எடுத்து மூடி வைப்போம். இதனை ஆண்கள் செய்தால் இன்னும் நன்று.

ரயில் பெட்டிக்கு வெளிச்சாயம் எத்தனை முறை வேண்டுமானாலும் பூசலாம். ஆனால் வண்டி ஓடுவது அச்சின் உறுதியால். உருவமும் அத்தகையதே. பூச்சும் பொடியும் நிறத்தைப் பற்றிய பேச்சும் வெளிச்சாயம். உறுதி தட்டிலிருந்து வருகிறது.

இன்றைய விருந்தில் கீரைக்கூட்டு உண்டு என்று அறிகிறேன். பரிமாறும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதற்பந்தியில் தாய்மார்கள் அமரட்டும், நாம் பரிமாறுவோம். நிர்வாகக் குழுவினர் இசைவார்கள் என்று நம்புகிறேன்.